காடி முடியும் இடம்

...சமையலறை மேசையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள், வேறு இடமே இல்லையா இந்த வீட்டில், இங்கேதான் பிளக் ஒழுங்காக வேலை செய்யும் என்று தோட்டத்துக்காரம்மா டோன்யா இஸ்மேனியா மேசைத்துணியை உதறி விரித்து, மடிக்கணினிக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வேறு வைத்தார், சூடாகிடும் பாவம் என்று, கைக்குழந்தையைப் படுக்க வைப்பதுபோல... அந்தத் துண்டை வில்மாரால் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்க்கலாம் என்றால் திரையின் விளிம்புக்கு மேலே அவர்கள் மூன்று பேருடைய கைகளும் தெரிந்தன. மேசையின் மறுபாதியில் காய்ந்த காப்பிக்கொட்டை குவிந்து கிடந்தது, டோன்யா இஸ்மேனியாவும், அவர் தம்பி கில்டார்டோவும், பக்கத்துத் தோட்டத்து நூபியாவும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், முழுசு ஒரு பக்கம், கடிபட்டது ஒரு பக்கம், முழுசு, கடிபட்டது, கடிபட்டது... கடிபட்ட ஒவ்வொன்றிலும் ஓரத்தில் பிறையாக ஒரு வெட்டு, நகத்தால் கிள்ளிய மாதிரி, எல்லாம் ஒரே அளவு, ஒரே ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்ட மாதிரி. ஒரே ஆள்தான். அந்த ஆள் இங்கே மேசையில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குத் துண்டு விரித்திருக்கிறார்கள். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது, ஜீப் கீழே சேற்றில் நிற்கிறது, இந்த மழையில் சின்சினா ஊருக்கு இறங்க முடியாது, வேலை முடிந்தாலும் இங்கேயேதான் உட்கார்ந்திருக்க வேண்டும், இவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு.

வந்ததும் என்ன சொன்னான்? 'ஒரு சின்ன மேம்பாடு பண்ணலாம்னு வந்தேன் டோன்யா.' மேம்பாடு. எங்கிருந்து வந்தது அந்தச் சொல், மனிசாலெஸில் முதலாளி அர்செசியோ ஜீப் சாவியைக் கொடுக்கும்போதே கூடச் சேர்த்துக் கொடுத்தனுப்பியது, 'வாயை விட்டுடாத வில்மார், மெஷினுக்குப் புது உருளை தர்றோம், மேம்பாடுன்னு சொல்லு, அவங்களும் சந்தோஷப்படுவாங்க, நமக்கும் மரியாதையா இருக்கும்.' சந்தோஷப்பட்டார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. கத்தியிருக்கலாம், என்னய்யா மெஷின் இது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கூட்டுறவுக் கிடங்கிலிருந்து மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், வருஷத்துப் பெரிய அறுவடை, எல்லாம் நொறுங்கல்... அதற்குப் பதிலாகப் பீன்ஸ் குழம்பு, சோறு, வாழைக்காய் வறுவல், பன்றித்தோல் பொரித்ததில் பெரிய துண்டு அவன் தட்டுக்கு. 'எங்க காப்பிக்காக இந்த மலை ஏறி வந்திருக்கீங்களே தம்பி, யாரு வருவா?' அவன் சாப்பிட்டான். இன்னொரு கரண்டி என்றபோதும் தட்டை நீட்டினான். மறுத்தால் தெரிந்துவிடும் என்று நீட்டினானா, பசித்ததா... பசித்தது. அதுவும் உண்மைதான்.

திரையில் உருளை மெதுவாகச் சுற்றியது, சாம்பல் நிறத்தில், ஈரமில்லாமல், பழத்தோல் ஒட்டாமல், உடம்பைச் சுற்றித் திருகலாக ஓடும் காடிகளோடு. நீண்டு ஓடும் ஆழமில்லாத பள்ளங்கள், அவ்வளவுதான் காடி என்பது. பழுத்த பழம் மேலிருந்து விழும், உருளைக்கும் ரப்பர்த் தகட்டுக்கும் நடுவே காடியில் சிக்கி உருண்டுபோகும், போகிற வழியில் தோல் கழன்றுவிடும், காடி முடிகிற இடத்தில் கொட்டை வழுக்கி மேலேறி வெளியே குதிக்க வேண்டும், பல்ப்பர் என்றால் இவ்வளவுதான். காடியை மாடலில் வரைவதும் பெரிய வித்தை இல்லை, உருளைமேல் ஒரு திருகுக் கோடு, கோட்டின் நுனியில் ஒரு வட்டம், வட்டத்தைக் கோட்டோடு இழுத்துக்கொண்டு போ என்றால் மென்பொருள் இழுத்துப்போகும், போன வழியெல்லாம் வெட்டிவிடும். ஆனால் வட்டம் தாள் மாதிரி, அதற்குத் தடிமன் கிடையாது, எங்கே நிறுத்துகிறோமோ அங்கே நேராக ஒரு சுவரை விட்டுவிட்டு நின்றுவிடும். பட்டறையில் அப்படி நடக்காது, அங்கே காடி வெட்டுகிற கட்டரின் முனை கோலிக்குண்டு மாதிரி உருண்டை, அது நின்ற இடத்தில் ஒரு கிண்ணத்தைத்தான் விட்டுப்போகும், சுவர் விட அதனால் முடியாது. அதனால்தானே மாடலில் முனையைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை, கட்டர் பார்த்துக்கொள்ளும், அவனும் அப்படித்தான் விட்டான்... பிறகு அர்செசியோ எஃகு வேண்டாம் என்றார், கோவேறு கழுதை சுமக்க முடியாத கனம், நைலானில் போவோம் என்றார். நைலானைக் கட்டர் வெட்டவில்லை. மெதெயினில் ஒரு அச்சு இயந்திரம் மாடலை வாங்கி அடுக்கடுக்காக அப்படியே வளர்த்துக் கொடுத்தது, உள்ளதை உள்ளபடி, காடியையும், காடி முடியும் இடத்துச் சுவரையும். பழம் ஓடி வந்து அந்தச் சுவரில் முட்டும், ரப்பர் பின்னாலிருந்து தள்ளும், கொட்டைக்குப் போக இடமிருக்காது... பட்டறையில் ஒரு கூடைப் பழம் போட்டுச் சோதித்தபோது எல்லாம் பொடிப் பொடிப் பழம், தப்பித்துவிட்டன. இந்த மலையின் பழம் கொழுத்த பழம்.

தெரியாமல் விட்டானா? அப்படியாவது இருந்திருக்கக் கூடாதா... மாடலை மெதெயினுக்கு அனுப்புவதற்கு முன் காடியின் முனையைப் பெரிதாக்கிப் பார்த்தான், பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது, சுவர் தெரிந்தது, இப்போது கட்டர் கிடையாதே என்று ஒரு எண்ணம் காதருகே கொசு வந்துபோகிற மாதிரி வந்துபோனது, கையால் ஓட்டிவிட்டு அனுப்பினான். ஏன்? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நேரம்... இல்லை, அது அதற்கு முந்தின மாதம், அன்றைக்கு அம்மா நன்றாகத்தான் இருந்தாள், கொய்யாப்பழம் வாங்கிவந்து மிட்டாய் கிண்டிக்கொண்டிருந்தாள், வீடெல்லாம் வாசனை. அர்செசியோ அவசரப்படுத்தினாரா, அவர் ஊரிலேயே இல்லை. கால்பந்து ஆட்டமா, ஆட்டம் இருந்தது, அவன் போகவில்லை, தொலைக்காட்சியில்கூடப் பார்க்கவில்லை. பின்னே அன்று மாலை என்ன செய்தான்? வீட்டுக்கு நடந்து போனான், வழியில் செருப்புக் கடைக் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றான், எதுவும் வாங்கவில்லை... அவ்வளவுதான். சோம்பல் என்றுகூடச் சொல்ல முடியாது, சோம்பலில் ஒரு சுகமாவது இருக்கும். செய்யவில்லை, அவ்வளவே. ஒரு காரணம் கிடைத்தால் போதும், எத்தனை கேவலமான காரணமாக இருந்தாலும் சரி, அதைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம், தேடித் தேடிப் பார்க்கிறான், கொய்யா வாசனைதான் வருகிறது.

'இந்தா, இன்னொண்ணு,' நூபியா ஒரு கொட்டையை இரண்டு விரலில் தூக்கிக் காட்டினாள், 'கில்டார்டோ, இது எத்தனாவது கிளாஸ் உள்ள போனப்ப அரைச்சது?' தானே சிரித்தாள். 'வாயை மூடு நூபியா, விருந்தாளி முன்னாடி,' என்றார் டோன்யா இஸ்மேனியா, அந்தக் கண்டிப்பு நூபியாவுக்கா தம்பிக்கா என்று தெரியாத குரலில். கில்டார்டோ தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு பொறுக்கிக்கொண்டே இருந்தார், பெரிய கைகள், விரல்கள் லேசாக நடுங்கின, நடுக்கம் குடித்த காலத்தில் வந்து நின்றுபோகாமல் தங்கிவிட்டது. இயந்திரத்தைப் பொருத்த வந்த நாளில் இவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு நின்றார், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, சுவிட்சைத் தொடுவதற்கு முன் போய்க் கை கழுவிவிட்டு வந்தார், தகட்டை எவ்வளவு இறுக்கணும், பழம் எவ்வளவு பழுத்திருக்கணும், திரும்பத் திரும்பக் கேட்டார், வில்மார் அப்போது கொஞ்சம் எரிச்சலோடுதான் பதில் சொன்னான். குடியை விட்டு வந்த தம்பியின் கையில் அக்கா கொடுத்த முதல் பொறுப்பு அந்த இயந்திரம், அது அப்போது அவனுக்குத் தெரியாது, இன்று சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்தது, டோன்யா இஸ்மேனியா கீழ்க்குரலில் சொன்னார், தம்பி கை கழுவப் போயிருந்தபோது. 'பச்சைக்காயைப் போட்டிருக்கான் பாருங்க தம்பி, இல்லைன்னா தகட்டை இறுக்கியிருக்கான், எது பண்ணானோ, கொட்டகைக்குப் பின்னாடி பாட்டில் கிடந்துச்சு, சோம்புச் சாராயம், காலி பாட்டில். பழைய பாட்டிலுங்கறான். எல்லா பாட்டிலும் பழசுதான் அவனுக்கு.' அப்போது வில்மாரின் வாயில் சோறு இருந்தது. மென்றான். விழுங்கிய பிறகு சொல்லியிருக்கலாம், வாய் காலியாகத்தானே இருந்தது, தண்ணீர் குடித்தான்.

காலையிலும் சொல்லியிருக்கலாம். ஜீப்பிலிருந்து இறங்கியதும் கில்டார்டோதான் குடையோடு ஓடிவந்தார், குடை முழுவதையும் அவன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடியே நடந்து வந்தார், பாதி வழியில் நின்று, 'இஞ்சினியரே, நான் ஏதாவது தப்பாப் பண்ணியிருந்தா எங்கிட்ட நேராச் சொல்லிடுங்க,' என்றார். 'குடிக்கலை. குடிக்கலைன்னுதான் நெனக்கிறேன். ஆனா முன்னாடியும் குடிக்கலைன்னு அக்கா தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன், வாயில வாடை அடிக்கறப்பவே. என் நெனப்பை நானே எப்படி நம்பறது, சொல்லுங்க?' அதற்கு அவன் சொன்ன பதில்... 'பார்க்கலாம் டோன் கில்டார்டோ.' பார்க்கலாம்! எதைப் பார்க்க, எல்லாம் பார்த்துத் தெரிந்துகொண்டுதானே ஏறி வந்தான், மனிசாலெஸில் அர்செசியோ தொலைபேசியை வைத்த அடுத்த நிமிஷம் மாடலைத் திறந்து முனையைப் பார்த்தானே, காது மடல் கொதிக்க... ஒரு மனிதர் தன் நினைவையே சந்தேகப்பட்டுக்கொண்டு மழையில் நிற்கிறார், அவனோ ஆஸ்பத்திரிக்காரன் மாதிரி பார்க்கலாம் என்கிறான்.

சரி, வேலையைப் பார், வேலையையாவது பார். டோன்யா இஸ்மேனியா கறுப்புக் காப்பி கொண்டுவந்து வைத்தார், ஆவி பறந்தது. முதலில் அவன் பெரிதாக ஒன்று செய்ய நினைத்தான், வட்டத்தை விட்டுவிட்டு முழு உருண்டையையே, கட்டரையே திடப்பொருளாக வரைந்து திருகுக் கோட்டோடு இழுத்துவிட்டால் பட்டறையில் நடப்பது அப்படியே திரையில் நடக்கும், அழகாக இருக்கும், ஆனால் மென்பொருள் மறுத்தது, சிவப்புப் பெட்டி வந்தது, வடிவம் தன்னையே வெட்டிக்கொள்கிறதாம். கோட்டைத் தளர்த்திப் பார்த்தான், மறுபடியும் சிவப்பு. சரி, சின்ன வழி போதும். காடி முடியும் இடத்தில் ஒரு கால்வட்டம், உருளையின் மையத்தைப் பார்த்து ஒரு கோடு, கோட்டைச் சுற்றிக் கால்வட்டத்தைச் சுழற்று, வெட்டு. சுவர் போய்விட்டது. அங்கே ஒரு கிண்ணம் இருந்தது, வழவழவென்று, அதன் உதட்டைக் கொஞ்சம் மேலே தூக்கி உருளையின் உடம்போடு கரைத்துவிட்டான், இனி கொட்டை வந்தால் சறுக்குமரத்தில் கீழிருந்து மேலே ஏறுகிற மாதிரி ஏறிக் குதித்துவிடும், இதையே எல்லாக் காடிக்கும் திரும்பச் செய் என்று ஒரு சொடுக்கு, முடிந்தது. காப்பியை எடுத்து வாயில் வைத்தான். சுட்டது. இன்னும் ஆறவில்லை... ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை இந்த வேலைக்கு. அவர்கள் காலையிலிருந்து பொறுக்குகிறார்கள், நேற்றும் பொறுக்கினார்களாம், நாளைக்கும் குவியல் இருக்கும். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னும் வேலை இருப்பதுபோலச் சுட்டியைச் சும்மா நகர்த்திக்கொண்டிருந்தான், உருளையை இப்படியும் அப்படியும் திருப்பினான். முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது, இவ்வளவுதானா என்று கேட்டால்?

டோன்யா இஸ்மேனியா எழுந்து வந்து அவன் பின்னால் நின்றார், சவர்க்காரமும் விறகுப் புகையும் கலந்த வாசனை. 'தம்பி, ஒண்ணு கேக்கலாமா, தப்பா நெனக்காதீங்க. மாத்தறதுதான் மாத்தறீங்க, இதுல ஏதாச்சும் ஒரு பாதுகாப்பு வெக்க முடியுமா? அதாவது...' தம்பியின் பக்கம் பார்க்காமல் சொன்னார், 'நெதானமில்லாத ஆளு கை வெச்சாலும் காப்பி கெடாத மாதிரி.' மழையையும் மீறிக் கேட்கும்படிதான் சொன்னார். நூபியாகூடத் தலை நிமிரவில்லை. கில்டார்டோ நிமிர்ந்தார், கோபமாகத்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று வில்மார் நினைத்தான், கோபப்படட்டும், மேசையைத் தட்டட்டும் என்று வேண்டிக்கொண்டான்கூட, ஆனால் அவர், 'நல்ல யோசனைக்கா,' என்றார், 'அப்படி ஏதும் இருந்தா வெச்சிடுங்க இஞ்சினியரே, எனக்கும் நிம்மதி.' சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

இதற்குமேலா... வில்மார் மனத்துக்குள் வாக்கியங்களை எடுத்து எடுத்துப் பார்த்தான், வடிவமைப்பில் ஒரு கவனக்குறைவு நேர்ந்துவிட்டது, நேர்ந்துவிட்டதாம், மண் சரிகிற மாதிரி அது பாட்டுக்கு நேர்ந்துவிட்டதாம்... உற்பத்தி முறை மாறியதால், யார் மாற்றியது, அர்செசியோ, அவர் தலையில் கொஞ்சம்... வேண்டாம். 'டோன்யா,' என்றான், 'தப்பு டோன் கில்டார்டோ மேல இல்ல. உருளையில தப்பு. நான் வரைஞ்சதுல. காடி முடியற எடத்துல ஒரு சுவரு நின்னுடுச்சு, அதுதான் கொட்டையைக் கடிக்குது. எனக்குத் தெரியும். அனுப்பறதுக்கு முன்னாடியே தெரியும்.' சொல்லிவிட்டான். கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏதாவது விழும் என்று உட்கார்ந்திருந்தான். டோன்யா இஸ்மேனியா அவனையே பார்த்தார், கண் கொஞ்சம் கலங்கியது, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். 'பாத்தியா நூபியா? படிச்சவங்கன்னா இப்படி இருக்கணும். ஒரு மனுஷனோட மானம் போகக் கூடாதுன்னு தன் தலையில தூக்கிப் போட்டுக்கறாரு பாரு.' 'இல்ல டோன்யா, நெஜமாவே...' 'தெரியும் தம்பி, தெரியும்,' என்று தோளைத் தட்டினார். நூபியா பெருமூச்சு விட்டாள், 'எம் புருஷனுக்கு இப்படி ஒரு இஞ்சினியர் கெடைச்சிருந்தா அவன் இன்னிக்கும் குடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருப்பான்.'

கில்டார்டோ எழுந்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார், நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு. 'இஞ்சினியரே, உங்கம்மா உங்களை நல்லா வளத்திருக்காங்க. ஆனா எனக்காகப் பொய் சொல்லாதீங்க. கோயில் ஹால்ல எங்க கூட்டம் நடக்குது, வியாழக்கிழமையில, குடியை விட்டவங்க கூட்டம், அங்க மொதல்ல சொல்லிக் குடுக்கறதே இதைத்தான். என் தப்பை வேற ஒருத்தர் சுமந்தா நான் திரும்பவும் பள்ளத்துல போய் விழுந்துடுவேன்.' வில்மாருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா, வாய் கோணியது, இவர் தன்னுடையது அல்லாத தப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார், விடு என்றால் விடமாட்டேன் என்கிறார், அதைச் சுமந்தால்தான் நல்லவனாவேன் என்கிறார்... திரையைத் திருப்பிக் காட்டினான். 'இங்க பாருங்க.' டோன்யா இஸ்மேனியா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார், 'அழகா இருக்கு தம்பி.' 'இந்தச் சுவரு...' சுவர் இல்லை, இப்போதுதானே அழித்தான், செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி விலக்கினான், கிண்ணம் மறைந்தது, சுவர் திரும்ப எழுந்து நின்றது, பெரிதாக்கினான், 'இதோ.' 'எது, இந்தக் கோடா?' 'கோடு இல்ல டோன்யா, அது ஒரு மேடு...' 'இத்துனூண்டு,' என்று அவர் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார், 'இது போயா என் காப்பியை இந்தப் பாடு படுத்தும்?' நூபியாவும் எட்டிப் பார்த்தாள், கடிச்ச வாயைக் காணோமே என்றாள், இரண்டு பேரும் சிரித்தார்கள், அன்பாகத்தான் சிரித்தார்கள்.

கழற்றிய பழைய உருளை பல்ப்பர் கொட்டகையில் கிடந்தது, கையில் தொட்டுப் பார்த்தால் நம்புவார்கள் என்று எழுந்தான், கில்டார்டோ மட்டும் கூட வந்தார், திரும்பவும் குடை அவன் தலைக்கு மேலே. புளித்த பழத்தோல் வாடை, இயந்திரத்தின் சுவிட்சுப் பெட்டியில் புதிதாக ஒரு பூட்டு தொங்கியது, அதைப் பார்க்காத மாதிரி இரண்டு பேரும் தாண்டிப் போனார்கள். வில்மார் உருளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கில்டார்டோவின் கட்டைவிரலைப் பிடித்து ஒரு காடிக்குள் வைத்து நகர்த்தினான், ஒரு குழந்தைக்கு எழுத்துப் பழக்குகிறவன் மாதிரி, அதுவே கூச்சமாக இருந்தது, விரல் வழுக்கிக்கொண்டு போய் முனையில் தட்டி நின்றது. கில்டார்டோ விரலை எடுக்கவில்லை. அங்கேயே வைத்துத் தடவினார், அடுத்த காடியில் வைத்தார், அங்கேயும் நின்றது. 'முட்டுது,' என்றார். 'ஆமா. அதுதான்.' 'நான் ஒரு தடவை கம்பி பிரஷ் போட்டுத் தேச்சேன், நீங்க வேணாம்னு சொல்லியிருந்தீங்க, மறந்துட்டேன்.' 'அதனால இது வராது டோன் கில்டார்டோ.' 'வராதா?' 'வராது.' அவர் நிமிர்ந்து பார்த்தார், அந்தப் பார்வையில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஏதோ திறந்தது, அப்படின்னா நான்... என்று உதடு அசைந்த மாதிரிகூட இருந்தது. அந்த இடத்தில் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், நீங்க குடிக்கலை, உங்க நெனப்பு சரி, என்று தோளைப் பிடித்துக் குலுக்கிச் சொல்லியிருக்க வேண்டும். வில்மார் உருளையிலிருந்து ஒட்டியிருந்த தோலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். 'சரிங்க இஞ்சினியரே,' என்றார் கில்டார்டோ, நோயாளி டாக்டரிடம் சொல்கிற சரி, குடையை விரித்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தான், அழித்த சுவரை மறுபடி அழித்தான், கிண்ணம் வந்தது, மாடலைச் சேமித்தான். நிரூபிப்பது என்ன பெரிய காரியம், இப்போதுதான் தோன்றுகிறதா, இல்லை, கொட்டகையிலேயே தோன்றியது, அதற்கு முன்பே, காலையில் மலை ஏறும்போதே தோன்றியதுதான்... பழைய உருளையைத் திரும்ப மாட்டி, நல்ல சிவப்புப் பழமாக டோன்யா இஸ்மேனியாவே தன் கையால் ஒரு பிடி பொறுக்கி, தகட்டை வில்மாரே சரிபார்த்து, கில்டார்டோவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஓட்டிக் காட்டினால் முடிந்தது, கொட்டைகள் அவர்கள் கண்ணெதிரே கடிபட்டு வந்து விழும், அதற்குப் பிறகு யாரும் பெரிய மனசு என்று சொல்ல மாட்டார்கள். மழை விட்டுக்கொண்டு வந்தது, முற்றத்தில் கோழிகள் இறங்கிவிட்டன. எதிரே கில்டார்டோ ஒரு கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் அக்காவிடம் நீட்டினார், 'இது முழுசாக்கா?' 'முழுசுதான்டா, கண்ணுகூடவா தெரியலை?' அடுத்ததை எடுத்தார், அதையும் நீட்டினார். வில்மார் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது, சொன்னான், இரண்டு பெண்கள் முன்னால், வாய்விட்டு, தெரிந்தே செய்தேன் என்றுகூடச் சொன்னான்... ஆனால் எந்தக் குரலில் சொன்னான், விருந்தாளி சொல்கிற குரலில், மறுத்துப் பேச இடம் விட்ட குரலில், வாசலைத் திறந்துவைத்துக்கொண்டே பேசுகிற மாதிரி... தெரியும் தம்பி தெரியும் என்று டோன்யா இஸ்மேனியா தோளைத் தட்டினாரே, அப்போது காலையிலிருந்து நெஞ்சில் இறுகிக் கிடந்த ஒன்று சட்டென்று இளகியதே, மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வந்ததே, சொல்லிவிட்டதால் வந்த நிம்மதி என்றுதான் அவன் நினைத்தான்... சொல்லிவிட்டதாலா, அல்லது அவர்கள் நம்பவில்லை என்பதாலா?